பாட்டுக்கு ஒரு சாக்கு

எங்கள் ஊர்த் தியேட்டரில் பாட்டு வந்தால் எழுந்து வெளியே போகிறவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. தம் அடிக்க, டீ குடிக்க, சும்மா காற்று வாங்க. திரையில் நாயகி மலைச்சரிவில் ஓடிக்கொண்டிருப்பாள், இவர்கள் வரிசையில் இருப்பவர்களின் காலை மிதித்துக்கொண்டு வாசலை நோக்கிப் போவார்கள். பாட்டு முடிகிற நேரம் எப்படித்தான் தெரியுமோ, சரியாகத் திரும்பி வந்து உட்கார்வார்கள். "என்ன ஆச்சு?" என்று பக்கத்தில் கேட்கவும் மாட்டார்கள். பாட்டில் எதுவும் ஆகாது. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கல்லூரிக்குப் பிறகு இலக்கியம் பேசுகிற நண்பர்கள் கிடைத்தார்கள். அங்கே இன்னும் மோசம். ஒரு படத்தைப் புகழ வேண்டுமென்றால் "படத்துல பாட்டே கிடையாது, தெரியுமா?" என்றுதான் ஆரம்பிப்போம். 1954-ல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' பற்றிப் பேச்சு வந்தால், ஒரே கொலையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் திரைக்கதை, தேசத்துரோகியாக வரும் சிவாஜி என்று பேச எவ்வளவோ இருக்கும். ஆனால் முதலில் வந்து நிற்பது 'பாட்டில்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம்' என்கிற பட்டம்தான். நானும் தலையாட்டியிருக்கிறேன். பாட்டு என்பது கதைக்கு இடையூறு, வியாபாரத்துக்காகச் செருகுவது, வளர்ந்தவர்கள் அதைக் கடந்து வந்துவிட வேண்டும்.

இவ்வளவும் பேசிவிட்டு ரூமுக்கு வந்து, கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் என்ன பார்த்தேன் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். பள்ளிக்கூட வராந்தாவில் திடீரென்று பாட ஆரம்பிக்கும் அமெரிக்கப் பிள்ளைகளைப் பார்த்தேன். வக்கீல் வேலையை உதறிவிட்டு முன்னாள் காதலனைத் தேடிப்போய்ப் பாடும் பெண்ணைப் பார்த்தேன். நடனப் போட்டிகளை சீசன் சீசனாகப் பார்த்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது அந்த வெட்கத்தைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று தோன்றுகிறது. ஏனென்றால் அந்தத் தொடர்களுக்கும் அதே வெட்கம் இருந்தது.

நம் சினிமாவில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்தால் போதும், பாட்டு வந்துவிடும். ஐம்பது பேர் பின்னால் ஏன் ஆடுகிறார்கள், புடவை எப்போது மாறியது என்று யாரும் கேட்பதில்லை. பாட்டு வருது, அவ்ளோதான். பிராட்வே மேடையிலும் பழைய ஹாலிவுட்டிலும் ஏறக்குறைய இந்தச் சுதந்திரம் இருந்தது. ஆனால் வீட்டுக்குள் வாராவாரம் வரும் அமெரிக்கத் தொடரில், யதார்த்தமாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு ஆள் வாயைத் திறந்து பாடினால், "இவர் ஏன் பாடுறார்?" என்கிற கேள்விக்கு பதில் தயாராக இருக்க வேண்டும். ஒரு சாக்கு வேண்டும். நான் பார்த்த தொடர்கள் எல்லாமே அந்தச் சாக்கைத் தேடி அலைந்தவை. எந்தத் தொடர் என்ன சாக்குச் சொன்னது என்பதை வைத்தே அதன் தரத்தைச் சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம்.

*

'க்ளீ'யில் (2009 – 2015) இருந்து ஆரம்பிக்கலாம். ஒஹையோ மாநிலத்தின் லைமா ஊரில் ஒரு பள்ளி, அதில் யாரும் மதிக்காத ஒரு பாட்டுக்குழு. சாக்கு ரெடி: இவர்கள் ஒத்திகை பார்க்கிறார்கள், போட்டிக்குத் தயாராகிறார்கள், அதனால் பாடுகிறார்கள். மாவட்டம், வட்டாரம், தேசம் என்று போட்டி மேல் போட்டி. பாட்டுகள் பெரும்பாலும் ஏற்கெனவே வந்தவை, அதனால் கேட்டவுடன் பிடித்துப்போகும். 2011-ல் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் இடம்பெற்ற பாடல்களின் எண்ணிக்கையில் இந்தக் குழு எல்விஸ் பிரஸ்லியையே முந்தியது. அப்போது நான் இதை ஒரு சொந்தச் சாதனை மாதிரி எண்ணிக்கொண்டேன். ரசிகை என்றால் அப்படித்தான்.

ஒத்திகை என்ற சாக்கு தீர்ந்துபோகும் இடங்களில் 'க்ளீ' கனவைப் பிடித்துக்கொள்ளும். முதல் சீசனில் ஒரு எபிசோட். சக்கர நாற்காலியில் இருக்கும் ஆர்ட்டி ஒரு ஷாப்பிங் மாலில் சட்டென்று எழுந்து நிற்கிறான், ஆடுகிறான், மாலே அவனோடு ஆடுகிறது. பிறகு கனவு கலைகிறது. நடக்கக்கூடிய ஒரு நடிகரை அந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அவர் ஆடுவதைக் காட்டுவதற்காகவே ஒரு கனவையும் எழுதியது மோசம் என்று அப்போதே விமர்சனம் வந்தது. அந்த விமர்சனம் நியாயமானது. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த எபிசோடின் கடைசிக் காட்சி. தன் தோழி டீனாவோடு ஆட முடியாது என்று தெரிந்ததும், அவளோடு ஆட வேறொருவனை ஆர்ட்டியே ஏற்பாடு செய்கிறான். அவர்கள் ஆட, இவன் ஓரத்தில் இருந்து பாடுகிறான். அங்கே கனவில்லை. ஒருவனால் முடிவதும் முடியாததும் ஒரே ஃப்ரேமில் இருக்கின்றன. மாலில் ஐம்பது பேர் ஆடியபோது வராத அழுகை இந்த இடத்தில் வந்தது.

இன்னொரு காட்சி. கர்ட் என்கிற பையன் பள்ளியின் ஃபுட்பால் அணியையே பியான்ஸே பாட்டுக்கு மைதானத்தில் ஆடவைக்கிறான். ஆட்டத்துக்கு நடுவில், எதிரணி வாயைப் பிளந்து பார்க்க, கோல் விழுகிறது. பார்க்க ஒரே சிரிப்பு. அன்றிரவே அவன் தன் அப்பாவிடம் போய், தான் ஆண்களை விரும்புகிறவன் என்று சொல்கிறான். மெக்கானிக் ஷாப் வைத்திருக்கும் அந்த முரட்டு அப்பா, மூன்று வயதிலிருந்தே தெரியும் என்கிற மாதிரி பதில் சொல்கிறார். இந்த இரண்டாவது காட்சியில் பாட்டு கிடையாது. ஆனால் மைதானத்தில் அவ்வளவு பேர் முன்னால் ஆடியிருக்காவிட்டால் வீட்டில் ஒரே ஒருவர் முன்னால் அவனால் பேசியிருக்க முடியாது. பாட்டில் எதுவும் ஆகாது என்று எழுந்து போகிறவர்களுக்கு நான் இந்தக் காட்சியைத்தான் போட்டுக்காட்டுவேன்.

'க்ளீ' பிறகு கெட்டுப்போனது. யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்பதை எழுதியவர்களே மறந்தார்கள். ஒரு வாரம் குடிப்பழக்கம், மறுவாரம் மதம், அடுத்த வாரம் மடோனா என்று பிரச்சினைகளும் பாடகர்களும் ஒரே வரிசையில் வந்துபோனார்கள். மூன்றாவது சீசனுக்குப் பிறகு பழக்கதோஷத்தில்தான் பார்த்தேன். அப்போதுதான் அது நடந்தது. ஃபின் ஆக நடித்த கோரி மான்டீத் 2013 ஜூலை 13 அன்று இறந்துபோனார். வயது 31. அந்த அக்டோபரில் 'தி குவார்ட்டர்பேக்' என்ற எபிசோட் வந்தது. ஃபின் இறந்துவிட்டான், எப்படி இறந்தான் என்று சொல்வதில்லை. நண்பர்கள் ஒவ்வொருவராக வந்து பாடுகிறார்கள். ஃபினின் காதலி ரேச்சலாக நடித்த லியா மிஷெல் நிஜத்திலும் கோரியின் காதலி. அவர் பாட வந்து நிற்கும்போது, இது ஒத்திகையா, போட்டியா, கனவா என்று யாரும் கேட்க முடியாது. நான்கு வருடமாகத் தேடிய சாக்கு அங்கே தேவைப்படவே இல்லை. அதே எபிசோடில் பாதிப் பாட்டில் உடைந்து அலறும் சான்டானாவாக நடித்த நயா ரிவேராவும் 2020 ஜூலையில் ஓர் ஏரியில் மூழ்கி இறந்தார். இப்போது அந்த எபிசோடை என்னால் முழுதாகப் பார்க்க முடிவதில்லை.

*

'ஸ்மாஷ்' (2012 – 2013) வேறு கதை. இது நகைச்சுவை இல்லை, சீரியஸான டிராமா. மர்லின் மன்றோ பற்றி ஒரு பிராட்வே இசை நாடகம் தயாராகிறது. மர்லின் வேடத்துக்கு இரண்டு பெண்கள். ஒருத்தி ஐவி, பல வருடம் பின்வரிசையில் ஆடித் தேய்ந்தவள். இன்னொருத்தி கேரன், புதிதாக வந்தவள், வெகுளி. பாட்டுக்குச் சாக்கு, அவர்கள் தொழிலே அதுதான். கச்சிதமான ஏற்பாடு. ஆனாலும் தொடர் இரண்டே சீசனில் நின்றது.

காரணம் என் காதுக்கு முதல் எபிசோடிலேயே தெரிந்துவிட்டது. கதை கேரன்தான் நட்சத்திரம் என்று அடம் பிடிக்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்து மெய்மறக்கிறார்கள். முதல் சீசன் முடிவில் வேடமும் அவளுக்கே போகிறது. ஆனால் ஐவியாக வரும் மேகன் ஹில்டி வாயைத் திறந்ததும் நமக்குத் தெரிந்துவிடுகிறது, மர்லின் இவள்தான் என்று. கேரனாக வரும் காத்தரின் மக்ஃபீக்கும் நல்ல குரல்தான், ஆனால் இந்த வேடத்துக்கான குரல் அது இல்லை. திரைக்கதையில் பொய் எழுதலாம், வசனத்தில் ஒட்டுப்போடலாம். பாட்டுக்கு முன்னால் அந்த ஒட்டு பிரிந்துவிடுகிறது. நம் ஊர் சீரியலில் நல்ல மருமகள் யார் என்பதை நெற்றிப்பொட்டும் பின்னணி இசையும் சொல்லிவிடும், நாமும் நம்பிவிடுவோம். இங்கே அது நடக்காது. இரண்டு பெண்களும் அடுத்தடுத்து பாடுகிறார்கள், பார்க்கிறவரே நடுவராகிவிடுகிறார். ஒரு டிராமா தன்னையறியாமல் போட்டி நிகழ்ச்சியாக மாறி, போட்டியில் தோற்றும்போனது.

*

பாட்டு உண்மையைச் சொல்லிவிடும் என்பது ஒரு பழைய நம்பிக்கை. 2001-ல் வந்த 'பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்' தொடரின் இசை எபிசோட் அந்த நம்பிக்கையையே கதையாக்கியது. ஊருக்குள் ஒரு பேய் வருகிறது, எல்லோரும் தங்களையறியாமல் பாடுகிறார்கள், மறைத்து வைத்ததெல்லாம் பாட்டில் வெளியே வந்துவிடுகிறது. செத்துப்போன பஃபியை நண்பர்கள் மந்திரத்தால் உயிர்ப்பித்திருந்தார்கள். நரகத்திலிருந்து மீட்டோம் என்று அவர்களுக்குப் பெருமை. நான் சொர்க்கத்தில் இருந்தேன், அங்கிருந்து பிடுங்கிக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று அவள் பாட்டில்தான் சொல்கிறாள். பேச்சில் அதைச் சொல்லியிருக்கவே மாட்டாள்.

'க்ரேஸி எக்ஸ்-கேர்ள்ஃப்ரெண்ட்' (2015 – 2019) இதைத் தலைகீழாகப் புரட்டியது. இதில் பாட்டு பொய் சொல்கிறது. நான்கு சீசன், 62 எபிசோட், 157 புதுப் பாடல்கள். நான் பார்த்த இசை நகைச்சுவைத் தொடர்களில் இதற்குத்தான் முதலிடம், இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ரெபெக்கா பன்ச் நியூயார்க்கில் பெரிய வக்கீல். பதவி உயர்வு கிடைக்கிற நாளில், பதின்வயதுக் கோடை முகாமில் காதலித்த ஜோஷைத் தெருவில் பார்க்கிறாள். அவன் கலிஃபோர்னியாவில் வெஸ்ட் கோவினா என்கிற, யாரும் ஆசைப்பட்டுப் போகாத ஊருக்குத் திரும்புவதாகச் சொல்கிறான். இவளும் வேலையை விட்டுவிட்டு அங்கே போகிறாள். ஜோஷுக்காக இல்லை, இல்லவே இல்லை என்று ஒரு முழுப் பாட்டுப் பாடுகிறாள். ஊரே கூட ஆடுகிறது. ராட்சத ப்ரெட்ஸெல் ஒன்றில் ஏறி அவள் வானத்துக்குப் போகிறாள். நாம் சிரிக்கிறோம். பாட்டு எவ்வளவு பிரம்மாண்டமோ பொய்யும் அவ்வளவு பெரிது.

போகப் போக ஒன்று பிடிபடுகிறது. ரெபெக்காவுக்குத் தாங்க முடியாத எது நேர்ந்தாலும் உடனே ஒரு பாட்டு வருகிறது. அவமானமா, ஒரு டிஸ்கோ பாட்டு. பொறாமையா, ஒரு ராப். தன்மேலேயே காறித்துப்ப வேண்டுமா, பெரிய பாடகி மாதிரி கவுன் போட்டு மேடையேறி, தன்னைத் திட்டும் பாட்டைக் கற்பனைக் கூட்டத்தையும் கூடச் சேர்ந்து பாடச் சொல்கிறாள். நேராகப் பார்த்தால் வலிக்கும் என்பதால் எல்லாவற்றையும் பாட்டாக்கிப் பார்க்கிறாள். மூன்றாவது சீசனில் விமானத்தில் வீடு திரும்பும்போது அவள் தற்கொலைக்கு முயல்கிறாள். பிறகு அவளே உதவிக்கான பொத்தானை அழுத்துகிறாள். அந்தக் காட்சியில் பாட்டு வரவில்லை. இரண்டரை சீசனாகப் பாட்டுக்குப் பழகிய காதுகளுக்கு அந்த நிசப்தம் எவ்வளவு பயங்கரம் என்று சொல்லிப் புரியவைக்க முடியாது.

அடுத்த எபிசோடில் அவளுடைய நோய்க்கு ஒரு பெயர் கிடைக்கிறது: பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர். தொடர் அதை உருக்கமான கிளைமாக்ஸாக்கவில்லை. அதற்குப் பிறகு ஒன்றரை சீசன் ரெபெக்கா சிகிச்சைக்குப் போகிறாள், பாதியில் நழுவுகிறாள், மறுபடி போகிறாள். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுவது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று அவளுடைய மனநல மருத்துவர் 'லா லா லேண்ட்' பாணியில் ஆடிப்பாடும் ஒரு பாட்டு உண்டு. 2019-ல் எம்மி விருது வாங்கிய பாட்டு. நம் வீடுகளில் மாத்திரை அட்டையைத் துணி அலமாரிக்கு அடியில் ஒளித்து வைக்கிறவர்கள் எத்தனை பேர்? அதில் ஒருத்தி ராத்திரி ஒரு மணிக்கு இந்தப் பாட்டைக் கேட்டு, சிரித்துவிட்டு, அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

கடைசி எபிசோடில்தான் சாக்கு என்னவென்று தெரிகிறது. இத்தனை பாட்டும் ரெபெக்காவின் தலைக்குள் நடந்தவை. அவள் வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்தச் சில நொடிகளில் ஒரு முழுப் பாட்டு ஓடி முடிகிறது. இதை அவள் முதன்முதலாகத் தன் தோழி பாலாவிடம் சொல்கிறாள். காதலனிடம் இல்லை, தோழியிடம். பாலா சிரிக்கவில்லை. அதைப் பாட்டாக எழுது என்கிறாள். மூன்று ஆண்கள் காத்திருக்கிறார்கள், ரெபெக்கா ஒருவரையும் தேர்ந்தெடுக்காமல் பாட்டுக் கற்றுக்கொள்ளப் போகிறாள். ஒரு வருடம் கழித்து நண்பர்கள் முன்னால் பியானோவில் உட்கார்கிறாள். நானே எழுதிய பாட்டு என்று சொல்லி வாயைத் திறக்கிறாள். தொடர் முடிந்துவிடுகிறது. அந்தப் பாட்டை நாம் கேட்பதில்லை. 157 பாட்டுக்குப் பிறகு வரும் முதல் நிஜப் பாட்டு அவளுக்கு மட்டும் சொந்தம்.

இந்தப் பாடல்களை எழுதிய மூவரில் ஒருவரான ஆடம் ஷ்லெஸிங்கர், தொடர் முடிந்து ஒரு வருடம்கூட நிறையாத 2020 ஏப்ரல் 1 அன்று கோவிட்டில் இறந்தார்.

*

கதையே வேண்டாம் என்று நடனப் போட்டிப் பக்கம் போனால் அங்கேயும் சாக்கு காத்திருக்கிறது. 'சோ யூ திங்க் யூ கேன் டான்ஸ்' 2005-ல் ஆரம்பித்தது. ஆடுகிறவர்கள் தொப்பிக்குள் கைவிட்டுச் சீட்டு எடுப்பார்கள். ஹிப் ஹாப் பையனுக்கு வால்ட்ஸ் வரும், பாலே பெண்ணுக்கு சால்ஸா வரும். ஆடுவதற்கு முன் ஒரு சின்ன வீடியோவில் நடன அமைப்பாளர் விளக்குவார்: இவன் அவளை விட்டுப் போகிறான், இவள் தடுக்கிறாள் என்று ஏதாவது ஒரு கதை. 2009-ல் மியா மைக்கேல்ஸ் அமைத்த ஒரு நடனத்தில் ஆண்தான் போதைப்பழக்கம், பெண் அதில் சிக்கியவள். அதே சீசனில் மார்பகப் புற்றுநோய் பற்றி டைஸ் டியோரியோ அமைத்த நடனத்துக்கு நடுவர் மேசையே அழுதது. இரண்டும் நல்ல நடனங்கள். ஆனால் ஒரு பெண் குதித்து ஓர் ஆணின் மார்பில் ஒட்டிக்கொள்வதைப் பார்த்து நெஞ்சு அடைத்துக்கொள்ள, அது எதைக் குறிக்கிறது என்று எனக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டுமா?

தொப்பிக்குள் 'பாலிவுட்' என்றும் ஒரு சீட்டு உண்டு. 2008-ல் நகுல் தேவ் மகாஜன் அமைப்பில் 'ஓம் ஷாந்தி ஓம்' பாட்டுக்கு கேட்டியும் ஜோஷுவாவும் ஆடியபோது நான் ஸ்க்ரீனுக்குக் கைதட்டினேன். பிறகு ஒரு சின்ன உறுத்தல். இந்தியாவில் ஆடுவதெல்லாம் இவர்களுக்கு ஒரே சீட்டில் அடங்கிவிடுகிறதே. நான் தலையில் வைத்துக் கொண்டாடும் 'க்ரேஸி எக்ஸ்-கேர்ள்ஃப்ரெண்ட்'டிலும் யோகாவைக் கேலி செய்ய பாலிவுட் வேடம்தான் போடுகிறார்கள். ஆனால் நியாயமாகப் பேசினால், நம் சேனல் நடன நிகழ்ச்சிகளில் 'வெஸ்டர்ன் ரவுண்டு' என்று ஒரே மூட்டையில் நாம் எதையெல்லாம் கட்டுகிறோம்? ஆடி முடித்ததும் காலைப் பற்றியோ தாளத்தைப் பற்றியோ பேசாமல் "கெமிஸ்ட்ரி சூப்பர்" என்று மார்க் போடுகிறோம். அவர்களுக்குக் கதை சாக்கு, நமக்கு கெமிஸ்ட்ரி சாக்கு.

இந்த நிகழ்ச்சியில் எனக்கு மிகப் பிடித்தது 2010-ல் வந்த ஒரு ஹிப் ஹாப். ஆடியவர்கள் அலெக்ஸ் வாங், மயாமி சிட்டி பாலேவில் இருந்து வந்தவர், கூட ஸ்டீஃபன் 'ட்விட்ச்' பாஸ். அதன் கதை என்னவென்று எனக்கு மறந்தே போய்விட்டது. வருடக்கணக்காக நேராக நிமிர்ந்தே இருந்த ஒரு முதுகு தரையை நோக்கி விழுவதும், அந்த விழுதலில் முகத்தில் வந்த திகைப்பும் மட்டும் நினைவிருக்கிறது. சில நாட்களிலேயே அலெக்ஸுக்குக் குதிகால் தசைநார் கிழிந்து போட்டியிலிருந்து வெளியேற வேண்டியிருந்தது.

'பாட்டு பொய் சொல்லும், வசனம் பொய் சொல்லும், ஆடுகிற உடம்பு பொய் சொல்லாது.' இப்படி ஒரு வரியை நோட்டில் எழுதி, அடியில் கோடும் போட்டு வைத்திருந்தேன். எப்போதாவது ஒரு கட்டுரையில் செருகலாம் என்று. 2022 டிசம்பரில் ட்விட்ச் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 40. சந்தோஷத்துக்கு ஒரு உடம்பு இருந்தால் அது அவர் மாதிரி ஆடும் என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். அந்த வரியை அடித்துவிட்டேன். ஆட்டத்தை வைத்து ஆளைப் படிக்கலாம் என்கிற ரசிகத் திமிர் அன்றோடு போனது. அவர் ஆடியபோது இருந்த சந்தோஷம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆட்டம் முடிந்த பிறகு அவருக்கு என்ன இருந்தது என்பது எங்கள் கண்ணில் படவில்லை.

*

இனி நான் கொஞ்சம் தயங்கித்தான் எழுத வேண்டும்.

என் அப்பா இறந்தது சென்னையில், மூன்றாம் மாடி ஃபிளாட்டில். ஹாலில் ஃப்ரீஸர் பாக்ஸ். அதன் 'உர்ர்' சத்தம். வந்தவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, மாலையை வைத்துவிட்டு, மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். மதியம் மானாமதுரைப் பக்கமிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. வந்ததும் கண்ணாடிமேல் இரண்டு கையையும் வைத்து, தலையைச் சாய்த்து, ஒப்பாரியின் முதல் இழுப்பை எடுத்தாள். அந்த ஹாலுக்கு அந்தக் குரல் ரொம்பப் பெரிதாக இருந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் போய் அவள் தோளைத் தொட்டு, "அத்தை, கொஞ்சம் மெதுவா. மேல் வீட்ல புள்ளைக்குப் பரீட்சை" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அதன் பிறகு அவள் பாடவில்லை. என்னை ஒரு வார்த்தை சொல்லவுமில்லை.

சில மாதம் கழித்து 'ஸோயிஸ் எக்ஸ்ட்ராஆர்டினரி ப்ளேலிஸ்ட்' (2020 – 2021) பார்த்தேன். இதன் சாக்கு கொஞ்சம் அபத்தம். எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் இருக்கும்போது நிலநடுக்கம் வர, மற்றவர்களின் மனதில் இருப்பது ஸோயிக்குப் பாட்டாகக் கேட்கத் தொடங்குகிறது. வேறு யாருக்கும் கேட்காது. அவளுடைய அப்பா மூளை நரம்பு நோயால் பேச்சையும் அசைவையும் இழந்துகொண்டிருக்கிறார். அவர் பாடுவதும் இவளுக்கு மட்டும் கேட்கிறது. தொடரை உருவாக்கிய ஆஸ்டின் வின்ஸ்பெர்க்கின் அப்பா இதே நோயில் இறந்தவர். நடனங்களை அமைத்தவர் மேண்டி மூர், 'சோ யூ திங்க்' மேடையில் வருடக்கணக்காக நடனம் அமைத்தவர், 'லா லா லேண்ட்' நடனங்களும் அவருடையவை. போட்டி மேடையில் ஒன்றரை நிமிடத்துக்குள் சுருக்கிச் சுருக்கிப் பழகிய அந்தக் கை, முதல் சீசன் முடிவில் ஏழு நிமிடத்துக்கு மேல் விரிகிறது. அப்பா இறந்த வீடு. துக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பாட ஆரம்பிக்கிறார்கள். கேமரா வெட்டுப்படாமல் அறை அறையாக அவர்களோடு நடக்கிறது. பெரிய அசைவுகள் இல்லை. யாரோ தட்டைக் கொண்டுபோகிறார்கள், யாரோ தோளைத் தொடுகிறார்கள். அதுதான் நடனம்.

அம்மா பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது. அவளுக்கு இங்கிலீஷ் சரியாகப் புரியாது. "சாவு வீடா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "எல்லாரும் பாடுறாங்களே" என்றாள். உட்கார்ந்து கடைசிவரை பார்த்தாள்.

மறுநாள் அத்தைக்கு போன் செய்தேன். சுற்றி வளைத்து, அன்றைக்கு நான் தடுத்தது தப்பு என்று சொன்னேன். அன்னைக்குப் பாட வந்ததை இப்போ எனக்குப் பாடிக்காட்டுவியா அத்தை, ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கிறேன் என்று கேட்டேன். அவள் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "இப்ப எப்பிடித்தா வரும்? அதுக்குன்னு ஒரு நேரங்காலம் இருக்குல்ல" என்றாள்.

நான் இத்தனை நாள் நினைத்தது தப்பு என்று அப்போது புரிந்தது. நமக்குப் பாட்டு தானாக வருகிறது, அமெரிக்காக்காரனுக்குத்தான் சாக்கு வேண்டும் என்று இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் எழுதினேன் இல்லையா? அத்தைக்கும் சாக்கு வேண்டியிருந்தது. அவளுக்கு அது ஒரே ஒரு நாள், ஒரு மதியம், ஒரு கண்ணாடிப் பெட்டியின் பக்கம் கிடைத்தது. அதை நான் எடுத்துக்கொண்டேன். ஒத்திகை, போட்டி, பேய், எம்.ஆர்.ஐ. இயந்திரம் என்று அந்தத் தொடர்கள் எதையாவது கட்டியெழுப்புவதைப் பார்த்து முன்பு சிரித்திருக்கிறேன். அதெல்லாம் ஒரு ஆள் வாயைத் திறக்க மற்றவர்கள் கொடுக்கிற அனுமதி. சாதாரண நாளில் யாரும் யாருக்கும் அதைக் கொடுப்பதில்லை.

இப்போதும் நண்பர்கள் கூட்டத்தில் "பாட்டே இல்லாத படம்" என்று யாராவது புகழ்ந்தால் நான் சண்டை போடுவதில்லை. சில நல்ல படங்களில் பாட்டு இல்லைதான். ஆனால் தியேட்டரில் பாட்டு வந்து, பக்கத்து சீட்டுக்காரர் எழுந்தால், காலை மடக்கி வழிவிட்டுவிட்டு நான் உட்கார்ந்தே இருக்கிறேன்.